அது நிலா கடித்ததல்ல

இஞ்சின்காரரே,

வெளியே கிரகணம் பிடித்திருக்கிறது. கீழ் லயத்து வரிசைவீடுகளில் சனம் தகரம் தட்டுகிறது. டிஸ்பென்சரிக்கு நேர் எதிரே உள்ள காம்பரா வாசலில் ஒரு பித்தளைத் தாம்பாளம், அதில் மஞ்சள் தண்ணீர், அதன் நடுவே ஓர் உலக்கை தன்பாட்டுக்கு நிமிர்ந்து நிற்கிறது. கிரகணம் விடும்வரை விழாதாம். சுற்றி நின்று எல்லோரும் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். அடி தட்டையாக இருந்தால் எந்த உலக்கையும் எந்த நாளும் நிற்கும் என்று நீர் ஒருமுறை பட்டப்பகலில் தேயிலை அரைக்கிற ஸ்டோர் வாசலில் நிறுத்திக் காட்டினீர். யார் கேட்டார்கள்? "அது இஞ்சின்காரரு கைராசிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

உலக்கையைக் கண்டதும் உம்முடைய நினைவு வந்தது என்று எழுதினால் அது பொய். மத்தியானமே வந்துவிட்டது. உம்முடைய பெண்சாதி அங்கம்மா பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்திருந்தாள். அவள் என்ன சொன்னாள் என்பதை இப்போது சொல்ல மாட்டேன். முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைக் கேட்காமல் எழுந்து போய்விடுவீர், உம்மை எனக்குத் தெரியாதா? செத்தவருக்குக் கடிதம் எழுதுவது விசர் வேலைதான். ஆனால் இந்தத் தோட்டத்தில் இதை நான் வேறு யாருக்குச் சொல்ல?

நான் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே மருந்து கொடுக்க வந்த புதிதில், ஒரு நாள் நீர் ஆவி பட்டு வெந்த கையோடு வந்தீர். கைக்கு மருந்து போடும்போதும் வாயை மூடியிருந்த துவாயை நீர் எடுக்கவில்லை. வாயிலும் காயமோ என்று நினைத்து, "வாயிலை என்ன காணும்?" என்று கேட்டேன். துவாயை இறக்கினீர். மேலுதடு இடப்பக்கம் மூக்குவரை பிளந்திருந்தது. அதன்மேல் ஒரு மீசையை எவ்வளவோ பாடுபட்டு வளர்த்திருந்தீர்.

"கெரகணம் கடிச்சதுங்க" என்றீர். காய்ச்சல் என்று சொல்வதைப் போலச் சொன்னீர்.

உம்முடைய தாய் உம்மைச் சுமந்திருந்தபோது, செடி வெட்டுகிற கவ்வாத்து மலையிலிருந்து விறகு கட்டிக்கொண்டு பொழுது சாயத்தான் லயத்துக்கு வந்திருக்கிறாள். அதற்குள் கிரகணம் பிடித்துவிட்டது. அடுப்பு எரியவேண்டுமே, கத்தியை எடுத்து விறகை வெட்டினாளாம். வயிற்றுப்பிள்ளைக்காரி கிரகணத்தில் கத்தி பிடித்தாலோ கிரகணத்தைப் பார்த்தாலோ பிள்ளைக்கு உதடு கிழியும் என்பது இங்கே சாமிக்கு அடுத்த சத்தியம். நீர் பிறந்தீர், உதடு கிழிந்திருந்தது, அவ்வளவுதான். அவளை லயத்தில் ஒரு கலியாணத்துக்கும் முன்னால் நிற்க விடவில்லை. சாகும்போதும் உம்முடைய வாயைத் தடவி, "நாந்தாண்டா கிழிச்சேன்" என்று சொல்லிக்கொண்டே செத்தாள் என்றீர். இதைச் சொல்லும்போது உமக்குக் கண் கலங்கவில்லை. கோபம்தான் வந்தது. "அந்த நெலா என்ன சாதின்னு பாக்கணுங்க. அது எங்காத்தாளுக்குச் செஞ்ச வேல என்னன்னு தெரிஞ்சாகணும்" என்றீர். மேலே இருப்பதோடு வழக்குக்குப் போகிற ஆளை அன்றுதான் முதன்முதலில் கண்டேன்.

பிறகு அந்தத் தூரக்கண்ணாடி வந்தது. பெரிய துரை பங்களாவில் களிம்பு பிடித்துக் கிடந்ததைத் திருத்தச் சொல்லி ஸ்டோருக்கு அனுப்பினார். நீர் திருத்திக் கொடுத்தீர். அவர் ஊருக்குப் போகும்போது, தூக்கிக்கொண்டு போகப் பாரமென்று உம்மிடமே விட்டுவிட்டார். அந்தப் பித்தளைக் குழாயை நீர் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்ததில் பாதிகூட உம்முடைய தலைக்கு எண்ணெய் வைத்ததில்லை என்று அங்கம்மா பிறகு சொல்லுவாள்.

ஸ்டோருக்குப் பின்னால் சாம்பல் மேட்டில், பொழுது பட்டும் படாததுமான நேரத்தில் அரைநிலாவை முதலில் நீர் பார்த்தீர், பிறகு நான் பார்த்தேன். கிழவியும் இல்லை, முயலும் இல்லை. எங்கு பார்த்தாலும் குழி. பெரிய குழி, அதன் கரையில் சின்னக் குழி, அதற்குள் இன்னொன்று. நீர் கண்ணை எடுக்காமலே சிரித்தீர். "ஐயா, இது நம்ம பெல்மதுளைங்க! மாணிக்கம் தோண்டிப்புட்டு மூடாமப் போயிருக்கானுக" என்றீர்.

அதற்குப் பிறகு உமக்கு அதுவே வேலை, எனக்கும் அதுவே வேலை. துரைமார் வாசித்துவிட்டு எறிகிற இங்கிலீஷ் பத்திரிகைகளில் நிலாவைப்பற்றி ஏதாவது வந்தால் நான் வாசித்துச் சொல்ல வேண்டும். கறுப்பாகத் தெரிகிற இடங்களுக்கு அமைதிக்கடல், மேகக்கடல், மழைக்கடல் என்றெல்லாம் பெயர், ஆனால் அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது என்று ஒருநாள் வாசித்தேன். "மழையே இல்லாத ஊருல மழைக்கடலா? பேரு வச்சவன கஹவத்தைக்குக் கூட்டியாங்க, ஆடி மாசத்துல நிக்க வச்சுக் காட்டுறேன்" என்றீர். குழிகள் எரிமலை வெடித்து வந்தவை என்று ஒருவர் எழுதினார், வானத்திலிருந்து கல் விழுந்து வந்தவை என்று இன்னொருவர் எழுதினார். நீர் ஈரச் சாம்பலில் இரும்பு ஆணிகளை எறிந்து எறிந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் சண்ட போடட்டும், நமக்கு அவசரமில்ல" என்று தீர்ப்புச் சொன்னீர். முழுநிலாவில் பார்க்கிறவன் மடையன் என்று நாம் இருவரும் கண்டுபிடித்தோம். வெயில் நேரே விழுந்தால் நிழல் இல்லை, நிழல் இல்லாவிட்டால் குழியும் இல்லை, மேடும் இல்லை, வெறும் வெள்ளைத் தட்டு. அடியில் உள்ள ஒரு குழியிலிருந்து நாலாபக்கமும் வெள்ளைக் கோடுகள் ஓடுவது மட்டும்தான் அன்றைக்கு நன்றாகத் தெரியும்.

நிலா தன் ஒரு பக்கத்தை மட்டும்தான் நமக்குக் காட்டுகிறது, முதுகுப்பக்கத்தை உலகம் உண்டான நாள் முதல் ஒருவரும் கண்டதில்லை என்று வாசித்தபோது நீர் குழாயிலிருந்து கண்ணை எடுத்தீர். பிறகு துவாயைச் சரிசெய்துகொண்டு, "அதுக்கும் காட்டப் பிடிக்காத பக்கம் ஒண்ணு இருக்கும் போலங்க" என்றீர். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒருமாதிரியாகவும் இருந்தது.

கிரகணம் என்றால் என்ன என்று ஸ்டோரில் எல்லோருக்கும் காட்டினீர். இஞ்சின் அறை விளக்கு சூரியன், ஒரு தோடம்பழம் பூமி, ஒரு சின்னத் தேசிக்காய் நிலா. தோடம்பழத்தின் நிழல் தேசிக்காயின்மேல் விழும். "அம்புட்டுத்தான்! நம்ம நெழலு! நம்ம நெழலுக்குப் பல்லு இருக்கா?" என்று கேட்பீர். ரோலர்க்காரர்கள் தலையை ஆட்டுவார்கள். காட்சி முடிந்ததும் தோடம்பழத்தைத் தின்றுவிட்டுப் போவார்கள். போய்ப் பெண்சாதியை இருட்டில் பூட்டி வைப்பார்கள்.

நம்பியவள் ஒருத்திதான். அங்கம்மா. கலியாணத்துக்கு முன்பே, "தண்ணி குடிக்கிறப்ப துண்டத் தூக்கித்தானே ஆகணும், அப்ப பாத்துக்கிட்டேன், பரவால்ல" என்று உம்மிடம் நேரே சொன்னவள் அல்லவா? அவள் உம்முடைய நிலாவையும் அப்படியே வாங்கிக்கொண்டாள். அவள் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்த வருடம்தான் ஒரு கிரகணம் வந்தது, பொழுதுபட எதிர்மலைக்கு மேலே வரும் என்று பஞ்சாங்கம் சொன்னது.

அன்று பின்னேரம் நீர் இஞ்சினை விட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தீர். முகம் வெளிறியிருந்தது. "ஐயா, எதுக்கும் அவள உள்ளுக்கே இருக்கச் சொல்லவாங்க?" என்று கேட்டீர். ஊருக்கெல்லாம் தேசிக்காய் காட்டிய மனிதர்! ஆனால் உம்மைப் பார்த்து எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. தன்னுடைய பிள்ளை என்று வந்தால் யாருக்குத்தான் பயம் வராது? "சொல்லும் காணும், உமக்கு ஆறுதலாய் இருந்தால் சொல்லும்" என்றேன். உம்மோடு நானும் லயத்துக்கு வந்தேன்.

அவள் வாசலில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போ என்று நீர் சொன்னதும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, நெழலுக்குப் பல்லு இருக்கான்னு ஊரெல்லாம் கேட்டது யாரு? இப்ப என் முந்தானையப் புடிச்சு இழுக்குறது யாரு?"

"சொன்னாக் கேளு புள்ள. இன்னிக்கி ஒரு நாளைக்கி."

"ஒங்காத்தாளப் பேசுன வாயெல்லாம் இன்னிக்கி என்னையப் பாக்கட்டும். நான் உள்ள போய்ப் பூட்டிக்கிட்டா, அவ கிழிச்சான்னுதானே ஆகும்?"

அவளே குழாயை எடுத்து வந்து, லயம் முழுவதும் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருக்க, முற்றத்தில் நின்று கிரகணத்தைப் பார்த்தாள். "அட, செம்புச் சட்டி கணக்கா செவந்து கெடக்கு! அழகாத்தான் இருக்கு" என்றாள். நான் உம்மைப் பார்த்தேன். பயமும் பெருமையும் ஒரே முகத்தில் அப்படி அடிபடுவதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பிள்ளை பிறந்தது. பெண். மருத்துவச்சி என்னைக் கூப்பிட்டு அனுப்பியபோதே அவளுடைய குரலில் தெரிந்துவிட்டது. உமக்கு உதடு மட்டும்தான். அந்தப் பிள்ளைக்கு உதடும் பிளந்து, மேல் அண்ணமும் பிளந்து, வாயும் மூக்கும் ஒன்றாகக் கிடந்தன.

பால் இழுக்க முடியவில்லை. அங்கம்மாவின் மார்பு கட்டிக்கொண்டு நெருப்பாய்க் கொதித்தது, பிள்ளை பசியில் கத்தியது, வாயில் வைத்த பால் மூக்கால் வந்தது. கரண்டியால் கொடுத்துப் பார்த்தேன். கண்ணுக்கு மருந்து விடுகிற குழாயால் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தேன். நிமிர்த்தி வைத்துக் கொடுத்தோம், சரித்து வைத்துக் கொடுத்தோம். இரத்தினபுரிப் பெரிய டொக்டர், கொஞ்சம் வளரட்டும், பிறகு கொழும்பில் தைக்கலாம் என்றார். வளரட்டும்! எதைக் குடித்து வளர? நாட்டுப்புறத்தில் மருந்து கொடுக்கிற சிங்கள வெதமாத்தயாவையும் நீர் கூட்டி வந்தீர். அந்த மனிதர் பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "அனே, மொனவ கரண்ணத?" என்று தலையில் கையை வைத்துக்கொண்டார். ஐயோ, என்ன செய்வது! நான் இங்கிலீஷில் படித்த வைத்தியத்துக்கும் அன்றைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். பிள்ளை நாளுக்கு நாள் வற்றிக்கொண்டு வந்து, ஒரு காலையில் அழுகையை நிறுத்திவிட்டது.

லயத்துப் பெண்கள் வந்து பார்த்தார்கள். ஒருத்தியும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது? அவள் முற்றத்தில் நின்று பார்த்ததை எல்லோரும்தானே பார்த்தார்கள். கங்காணி பெண்சாதி மட்டும் போகும்போது, "மாமியா புத்தி மருமகளுக்கும்" என்று வாசலில் வைத்துச் சொன்னாள். அங்கம்மா அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருந்ததை அன்றுதான் முதலில் கண்டேன். அதற்குப் பிறகு நிலவு வெளிச்சத்தில் நடக்க நேர்ந்தால் முந்தானையைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டு குனிந்தபடிதான் போவாள்.

உம்முடைய பாடு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. உமக்கு விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. "ஐயா, இது என் வாயிங்க. அவ ஒண்ணும் செய்யல. எனக்கு இருந்தது என் புள்ளைக்கு வந்திருக்கு. மூக்கு வரல்லியா, நெறம் வரல்லியா, அதே மாதிரித்தானே?" என்றீர். நான் என்னுடைய வைத்தியப் புத்தகத்தைப் புரட்டினேன். இது சில குடும்பங்களில் வழிவழியாக வரும் என்று ஒரு வரி அதிலும் இருந்தது. இரண்டு பேருமாகப் போய் அவளிடம் சொன்னோம். நீர் அவள் முன்னால் துவாயை எடுத்து எறிந்துவிட்டு, உம்முடைய வாயைத் தொட்டுத் தொட்டுக் காட்டினீர்.

அவள் உம்மைப் பார்த்த பார்வையில் எவ்வளவு அன்பு இருந்தது! அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. "எனக்காக நீங்க பழிய ஏத்துக்கிறீங்க. வேணாங்க" என்றாள். என் பக்கம் திரும்பி, "அவருக்காக நீங்களும் சேந்து சொல்றீங்க, இல்லீங்களாய்யா?" என்றாள். புத்தகத்தைக் காட்டினேன். இங்கிலீஷ் எழுத்து அவளுக்கு என்ன சொல்லும்? உண்மையைச் சொன்ன மனிதரை அவள் தனக்காகப் பொய் சொல்கிற நல்ல மனிதர் என்று நினைத்துவிட்டாள். அதற்கு மேல் ஒரு சுவர் இருக்குமா?

நீர் விடவில்லை. உம்முடைய ஊர்ப்பக்கத்திலிருந்து புது ஆட்கள் தோட்டத்துக்கு வந்தபோதெல்லாம், நம்ம வம்சத்தில் வாய் பிளந்தவர் யாராவது உண்டா என்று விசாரித்துத் திரிந்தீர். கடைசியில் ஒரு கிழவர் அகப்பட்டார். உம்முடைய தகப்பனாரின் பெரியப்பாவுக்கு இதே வாய் என்றார். அந்த மனிதரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அங்கம்மாவிடம் ஓடினீர். அவரும் சொன்னார். சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அவுக ஆத்தாளும் கெரகணத்துல வெளிய போனவதான் தாயி" என்றாரே! நான் தலையைச் சுவரில் முட்டாத குறை. நீர் மட்டும் அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தீர்.

நிலா எங்கிருந்து வந்தது என்பதை அந்த மழைக்காலத்தில்தான் பத்திரிகையில் கண்டேன். உம்மைக் கொஞ்சம் வேறு நினைவுக்குத் திருப்பலாம் என்று உம்முடைய காம்பராவுக்குக் கொண்டுவந்து வாசித்தேன். ஆதியில் நிலா என்று தனியாக ஒன்று கிடையாதாம். பூமி உருகிய குழம்பாக, நினைக்க முடியாத வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்ததாம். சுற்றிய வேகத்தில் ஒரு பக்கம் புடைத்து, நீண்டு, பிய்ந்து போய்விட்டதாம். பிய்ந்த துண்டுதான் நிலா. பிய்த்துக்கொண்டு போன இடம்தான் பசிபிக் என்கிற மகா சமுத்திரம் என்று சில சாஸ்திரிகள் சொல்கிறார்களாம், இல்லை என்று மறுக்கிறவர்களும் உண்டாம். அன்றைக்குப் பக்கத்தில் இருந்த நிலா கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போய்க்கொண்டே இருக்கிறதாம்.

நீர் எழுந்து நின்றுவிட்டீர். "அப்ப மூளி நெலாவுக்கு இல்லீங்கய்யா, பூமிக்கு! அது எங்க நம்மளக் கடிக்கிறது? அதையே நம்மகிட்ட இருந்துதான் பிச்சிருக்கு!" என்று கத்தினீர். வழக்கில் வென்ற சந்தோஷம் உமக்கு. உம்முடைய தாயை அந்த நிமிடம் விடுதலை செய்துவிட்டீர்.

அங்கம்மா அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"அந்தக் குழி மூடிருச்சாங்கய்யா?"

"இல்லைப் பிள்ளை. தண்ணி நிறைஞ்சு போச்சு."

"அதுக்கப்புறமும் பூமி சுத்திக்கிட்டுத்தானே இருக்கு?"

"ஓம்."

வெறும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நீர் உட்கார்ந்தீர். உம்முடைய தாயைப்பற்றிச் சொல்லும்போது அழாத நீர் அன்று அழுதீர், துவாயால் வாயை மூடிக்கொண்டு, அவளுக்குக் கேட்டுவிடக்கூடாதென்று. நான் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்ததாக ராமையா வயிற்றில் வந்தபோது அவள் சூரியன் சாய்ந்தால் வெளியே வரவே இல்லை. கிரகணம் என்ன, வெறும் நிலாவைக்கூடக் காணவில்லை. பையன் ஒரு குறையும் இல்லாமல் பிறந்தான். "பாத்தீங்களா?" என்று உம்மிடம் ஒரே ஒரு சொல் கேட்டாள். நீர் டிஸ்பென்சரிக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தீர். "எனக்கு எம்புட்டுச் சந்தோசங்கய்யா. ஆனா அவன் நல்லாப் பொறந்தது என் வாய அடைச்சிருச்சு" என்றீர். சந்தோஷத்தில் தோற்றுப்போன மனிதரை என்ன சொல்லித் தேற்றுவது? சும்மா இரும் காணும் என்று சொல்லி உமக்கொரு சுருட்டுக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நீர் அவளிடம் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நாம் இரண்டு பேரும் சாம்பல் மேட்டில் நிலா பார்த்துக்கொண்டே கிழவர்களானோம். சளிக்காய்ச்சல் நெஞ்சில் இறங்கி நீர் என்னுடைய வார்டில் கிடந்தபோது, மூச்சு முட்ட முட்ட ஒன்றுதான் கேட்டீர். "அவகிட்ட இன்னொரு தடவ சொல்லிப் பாருங்கய்யா. எங்காத்தா மாதிரி இவளும் சாகக்கூடாது." சொல்கிறேன் என்றேன். உமக்குக் கருமாதி முடிந்த பிறகு சொன்னேன். "சாகப் போறப்பவும் என்னையத்தானே நெனச்சிருக்காரு" என்று விழுந்து அழுதாள். நான் டிஸ்பென்சரிக்குத் திரும்பி வந்தேன்.

சரி, இப்போது இன்றைய மத்தியானத்துக்கு வருகிறேன்.

உம்முடைய மகன் ராமையாவுக்கு இந்த மாதம் பெண்பிள்ளை பிறந்தது. லயத்துச் சனம் ஏதோ கசமுசவென்று பேசிக்கொண்டதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்று அங்கம்மா பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு தனியாக ஏறி வந்தாள். மேசைமேல் கிடத்தித் துணியை விலக்கினாள். மேலுதடு, இடப்பக்கம், மூக்குவரை. விரலை விட்டு அண்ணத்தைப் பார்த்தேன். அண்ணம் நன்றாக இருந்தது.

"பால் குடிக்குதோ?"

"நல்லா இழுக்குதுங்க."

"அப்ப பயமில்லை. இப்ப கொழும்புப் பெரியாஸ்பத்திரியிலை இதைத் தைக்கிறாங்கள். நான் கடிதத்துண்டு தாறன்."

அவள் அதைக் கேட்டமாதிரித் தெரியவில்லை. "சம்பந்தி சொல்றாங்க, பாட்டி பாத்த கெரகணம் பேத்திக்கு வந்திருச்சுன்னு" என்றாள். நம்முடைய சனத்தை யாரால் வெல்ல முடியும், இஞ்சின்காரரே? எந்தப் பக்கத்தால் போனாலும் ஒரு கதவைச் சாத்தி வைத்திருக்கிறார்கள். நான் கோபத்தில் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நான் பஞ்சாங்கம் கேட்டுக் கேட்டு வச்சிருந்தேங்கய்யா. மருமக வயித்தோட இருந்த காலத்துல ஒரு கெரகணமும் இங்க தெரியல. இன்னிக்கித்தான் வருது. அந்தப் புள்ள கத்தியும் தொடல, எதையும் பாக்கல. என்னையச் சொல்லுவாங்க, சொல்லட்டும். ஆனா நான் பாத்தது இவ வயித்துக்குள்ள எப்பிடிங்க போகும்?" பிள்ளையின் உதட்டைச் சுண்டுவிரலால் தொட்டாள். "அப்ப அவரு சொன்னது நெசந்தானா?"

"ஓம் பிள்ளை. அந்த மனுசன் எப்பவும் நிசம்தான் சொன்னது."

அவள் பிள்ளையைத் தூக்கி, கைநீட்டத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். "எடது பக்கம். அதே எடம். மீச மட்டுந்தான் இல்ல!" என்றாள். சிரித்தாள், இஞ்சின்காரரே. துவாயைத் தூக்கித் தண்ணீர் குடித்த உம்மைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. அந்த உதட்டில் முத்தம் கொடுத்தாள், திரும்பத் திரும்பக் கொடுத்தாள். வென்றுவிட்டீர் காணும் என்று எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது.

பிறகு அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது. பிள்ளையை மார்போடு வைத்துக்கொண்டாள்.

"அப்ப அந்த மொதப் புள்ளைக்கும் அவரு மொகந்தானேங்கய்யா?"

நான் தலையை ஆட்டினேன்.

"நான் ஒருநாளும் அப்பிடிப் பாக்கலியே. இருந்த அத்தன நாளும் நான் செஞ்ச பாவத்தத்தானே பாத்தேன். ஒரு முத்தங்கூட அந்த வாயில குடுக்கலியே. அதுக்குத் தெரிஞ்சிருக்குமாய்யா?"

நான் மருந்துக்காரன். இல்லை பிள்ளை, அதற்கு ஒன்றும் தெரிந்திராது என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. பொய் சொன்னால் அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று பயமாக இருந்தது. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, பிள்ளையைச் சுற்றி எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

நீர் என்னிடம் விட்டுப்போன வேலை முடிந்துவிட்டது. உம்முடைய பெண்சாதி நம்பிவிட்டாள். அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீர்தான், நீர் இல்லை. அதனால் அந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது.